அவர்கள் அளக்குமுன் நாம் அளப்போம்!



வியாபாரம் செய்யும் சகோதரரே, முதல் கேள்வி உங்களுக்கு. உங்கள் கடையில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது, யார் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று கேட்டால் நோட்டைப் புரட்டாமலே சொல்வீர்கள். ரமளான் வந்தால் ஜகாத்துக்காக உட்கார்ந்து கடைசிப் பைசா வரை இருப்புக் கணக்குப் பார்ப்பீர்கள். ஆனால் உங்கள் கடைக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகப் போகும் சந்தில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன? அதில் எத்தனை வீட்டுக்குப் பட்டா உண்டு? எத்தனை வீட்டுக்கு ஒரே குழாய்? எத்தனை பெண்கள் விடியுமுன் எழுந்து பொதுக் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்?

தெரியாது! உங்களுக்கும் தெரியாது, ஜமாஅத்துக்கும் தெரியாது, நகராட்சிக்கும் தெரியாது. தெரியாத வரை எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பொக்லைன் எந்திரம் வந்து நிற்கும் அன்று மட்டும் "இது ஆக்கிரமிப்பு" என்பது எல்லா அதிகாரிக்கும் தெரிந்துவிடுகிறது! அந்த மக்கள் அங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள் என்பது மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்த இதழில் நான் உங்களிடம் கேட்பது பணம் அல்ல, ஊர்வலமும் அல்ல. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு அளவு நாடா, உங்கள் கையில் இருக்கும் செல்போன், நாலு ஞாயிற்றுக்கிழமை. பட்டா இல்லாத மக்கள் வாழும் ஒவ்வொரு தெருவையும் அந்தத் தெருவாசிகளே எண்ணி, அளந்து, வரைந்து வைக்க வேண்டும். "இதென்ன பெரிய விஷயம்?" என்று இதழை மடித்து வைத்துவிடாதீர்கள். பொறுமையாகப் படியுங்கள்.

கோடு போட்டவன் யார்?

நம் புதுச்சேரியின் நேர்நேரான வீதிகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் போட்ட திட்டம் என்று நாமும் பெருமையாகச் சொல்கிறோம். உண்மையில் அந்தக் கட்டம்கட்டமான வரைபடத்துக்கு அடிப்படை போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை அவர்கள் கையில் வைத்திருந்தபோது வரைந்தது அது. 1761-இல் ஆங்கிலேயர் நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து பழைய கோட்டின் மேலேயே ஊரை எழுப்பினார்கள். கட்டிடம் போனாலும் வரைபடம் போகவில்லை!

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரித்ததும் கோடுதான். மேற்கே இன்ன தெருவில் இன்ன சாதி, இன்ன தொழில் என்று ஒதுக்கியதும் கோடுதான். முல்லா வீதியும் காஜியார் வீதியும் அந்த வரைபடத்துக்குள் இருந்ததால் இன்றும் பெயரோடு நிற்கின்றன. வரைபடத்துக்குள் இல்லாதவன் பெயர் எங்கே? கழிமுகத்தின் ஓரத்திலும், உப்பனாறு வாய்க்கால் கரையிலும், புறம்போக்கிலும் குடிசை போட்டு, பிறகு செங்கல் வைத்து, பிறகு தகரம் போட்டு வாழ்ந்தவனுக்கு எந்தத் துரையும் கோடு போட்டுத் தரவில்லை. துரைகள் 1954 நவம்பர் 1 அன்று ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. கோடு மட்டும் மாறவில்லை!

இன்று நில ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் 'நிலமகள்' என்ற பெயரில் பார்க்கலாம். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று அது காட்டும். பட்டா இல்லாமல் முப்பது ஆண்டாக அந்த மண்ணில் பிள்ளை பெற்று வளர்த்தவளை அது காட்டாது. 2025 பிப்ரவரி 18 அன்று மத்திய அரசு 'நக்ஷா' என்ற திட்டத்தை நாடு முழுவதும் 152 நகரங்களில் தொடங்கியது. நகர நிலத்தை ஆகாயத்திலிருந்து படம் பிடித்து, தரையிலும் சரிபார்த்து அளக்கும் திட்டம். இன்று 152 என்றால் நாளை எல்லா நகரமும்தான். அளக்கட்டும், நல்லதே. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள்: மேலே பறக்கும் டிரோனுக்குக் கூரை தெரியும். ஒரு கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு எரிவது தெரியுமா? வீட்டுக்காரர் யார், வாடகைக்காரர் யார் என்று தெரியுமா? அதைச் சொல்ல வேண்டியவர்கள் கீழே இருப்பவர்கள் அல்லவா?

எண்ணாதவனுக்கு எதுவும் இல்லை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் குடிசைப் பகுதிகளில் வாழ்வோர் 1,44,573 பேர். இந்த எண்ணுக்கு வயது ஆகிவிட்டது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பாக மாறிவிட்டது. அதற்கிடையில் எத்தனை சந்துகள் முளைத்தன, எத்தனை அழிந்தன!

அந்தக் கணக்கெடுப்பிலும் ஒரு விதி உண்டு. அரசு ஏற்கெனவே அறிவிக்காத, அங்கீகரிக்காத இடத்தைக் குடிசைப் பகுதி என்று எழுத வேண்டுமானால் அங்கே குறைந்தது 300 பேர் அல்லது சுமார் 60 முதல் 70 குடும்பங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். அப்படியானால் வாய்க்கால் மதகின் பக்கத்தில் இருக்கும் 35 வீட்டுக்காரர்கள் யார்? அவர்களும் ஓட்டுப் போடுகிறார்கள், வரி கட்டிப் பொருள் வாங்குகிறார்கள், நம் கடையில் மூட்டை தூக்குகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் அவர்கள் தெரு குடிசைப் பகுதியும் இல்லை, முறையான குடியிருப்பும் இல்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் மாடி வீட்டுக்காரர்களே தவித்தார்கள். பள்ளத்தில் இருந்தவர்கள் கதி என்ன? அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அட்டை யாரிடம் இருக்கிறது? விழுப்புரம் பக்கமிருந்து பிழைக்க வந்து வாடகைக்கு இருப்பவரிடம் இங்கத்திய அட்டை இல்லை. மாமியார் அட்டையில் பெயர் இருக்கும் மருமகளுக்குத் தனி அடுப்பு உண்டு, தனி அட்டை இல்லை. வெள்ளம் எல்லார் வீட்டிலும் புகுந்தது. நிவாரணம் அட்டை உள்ள வீட்டில் மட்டும் புகுந்தது!

வீடு கட்டும் திட்டங்களைப் பாருங்கள். மாநில அரசின் பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டு வீடு கட்டும் திட்டமானாலும், பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நாமே கட்டிக்கொள்ளும் பிரிவானாலும், மனை உங்கள் பேரில் இருக்க வேண்டும். மனை இருப்பவனுக்கு வீடு. மனையே இல்லாதவனுக்கு? தேர்தல் வந்தால் "பட்டா தருகிறோம்" என்ற வாக்குறுதி! ஓட்டு வியாபாரிகளுக்கு இது அள்ள அள்ளக் குறையாத சரக்கு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதே சரக்கை அதே தெருவில் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

போய்க் கேட்க நமக்கு ஒரு கவுன்சிலராவது உண்டா? 1968-இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. பிறகு 38 ஆண்டுகள் தேர்தலே இல்லை. 2006-இல் நடந்தது. 2011-இல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு புதுச்சேரி நகராட்சிக்கும் உழவர்கரை நகராட்சிக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் வரவே இல்லை. தெருவின் கதையைச் சொல்லத் தெருவுக்கு ஒரு நாக்கு இல்லாத ஊர் நம் ஊர். அப்படிப்பட்ட ஊரில் தெருவின் கையில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டாமா?

நீதிமன்றம் இருக்கிறதே என்பவர்களுக்கு

"புல்டோசருக்குத்தான் சுப்ரீம் கோர்ட் கடிவாளம் போட்டுவிட்டதே!" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2024 நவம்பர் 13 அன்று வந்த தீர்ப்பு நல்ல தீர்ப்பு. 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது, விளக்கம் கேட்க வேண்டும், மீறும் அதிகாரி பொறுப்பேற்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டிடங்களுக்கு இந்த நெறிமுறைகள் பொருந்தாது! இப்போது சொல்லுங்கள்: நம் ஊர் ஏழைகள் எங்கே குடியிருக்கிறார்கள்? மாளிகைகளுக்கு நடுவிலா? வாய்க்கால் கரையில் அல்லவா!

ஹல்த்வானியை மறந்துவிட்டீர்களா? ரயில்வே நிலம் என்று சொல்லி சுமார் 4,000 குடும்பங்களை ஏழு நாள் அவகாசத்தில் வெளியேற்ற உத்தரவு வந்தது. 2023 ஜனவரி 5 அன்று சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. அங்கே பலர் பழைய குத்தகைப் பத்திரங்களையும், ஏலத்தில் வாங்கியதற்கான காகிதங்களையும் காட்டினார்கள். நீதிமன்றத்தில் கண்ணீர் ஒரு சாட்சி அல்ல. தேதி போட்ட காகிதம்தான் சாட்சி.

நடைபாதை மக்கள் காட்டிய வழி

இந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தமிழர் காட்டியது. ஜோக்கின் அற்புதம் என்பது அவர் பெயர். கோலார் தங்கவயலில் பிறந்து, பம்பாய்க்குப் போய், தச்சு வேலை செய்து, மான்கூர்டில் ஜனதா காலனி என்ற சேரியில் வாழ்ந்தவர். அணு ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காலனியை, நெருக்கடி நிலைக் காலமான 1976-இல் போலீசை வைத்துக் காலி செய்தார்கள். மக்களைக் கொண்டுபோய்ப் போட்ட இடம்தான் சீத்தா கேம்ப். தமிழர்களும் முஸ்லிம்களும் நிறைந்து வாழும் இடமாக இன்றும் இருக்கிறது. தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கிய அவருக்கு 2000-ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது. 2018-இல் மறைந்தார்.

1985 ஜூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. வாழ்வாதாரமும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்ன பெரிய தீர்ப்பு. ஆனால் நடைபாதையைக் காலி செய்ய மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மாற்று இடம் யாருக்கு? 1976-இல் அரசு எடுத்த கணக்கில் பெயர் இருந்தவர்களுக்கு! எண்ணப்பட்டவன் தப்பித்தான். எண்ணப்படாதவன் தெருவில் நின்றான்.

அந்த ஆண்டு பைகுலா நடைபாதைகளில் வாழ்ந்த மக்கள் 'ஸ்பார்க்' என்ற அமைப்போடு சேர்ந்து தங்களைத் தாங்களே எண்ணினார்கள். சுமார் 6,000 குடும்பங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று எல்லாம் எழுதினார்கள். "இன்று வந்து நாளை போகும் திருடர் கூட்டம்" என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. கணக்கு வேறு சொன்னது: வறண்ட மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து, நடந்தே வேலைக்குப் போகும் தூரத்தில் படுத்து உறங்கும் உழைப்பாளிகள்! அந்த வேலையின் முதுகெலும்பு பெண்கள். 1986-இல் அவர்கள் 'மகிளா மிலன்' என்ற அமைப்பைக் கண்டார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்கள் பலர் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எண்ணக் கற்றார்கள், வீட்டின் அளவைச் சேலையின் நீளத்தை வைத்துப் பேசினார்கள். 1995-இல் மகாராஷ்டிரம் புதிய குடிசை மறுவாழ்வுத் திட்டம் கொண்டு வந்தபோது நடைபாதைவாசிகளையும் அதில் சேர்த்தது. பத்து ஆண்டுப் போராட்டம் அது. கோஷத்தோடு கணக்கும் சேர்ந்தபோதுதான் கதவு திறந்தது.

தாராவியிலும் 1986-இல் மக்களே கணக்கெடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் குடும்பங்கள் என்று கண்டார்கள். அரசு வைத்திருந்த கணக்கு அதில் ஏறக்குறையப் பாதி! மீதிப் பாதிக்கு யார் வீடு கொடுப்பது? இன்றைக்கும் அதே தாராவியில் அதே சண்டை. 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததாக நிரூபித்தால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. நிரூபிக்க முடியாதவருக்கும், மேல்தளத்துக்காரருக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். திருநெல்வேலியிலிருந்து போன நம் சொந்தங்கள் அங்கே இருபத்தைந்து ஆண்டுக்கு முந்திய கரண்ட் பில்லைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேடுகிற நிலைமை நமக்கும் வருமுன் சேர்த்து வைக்க வேண்டாமா?

கராச்சியும் ஒடிசாவும்

கராச்சியில் ஒராங்கி என்ற பெரிய சேரி. 1980-இல் அக்தர் ஹமீது கான் என்ற பெரியவர் அங்கே போனார். ஒரு காலத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து அதை உதறியவர். 20 முதல் 40 வீடு கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கு ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, தன் காசில் சாக்கடைக் குழாய் போட்டது. "அங்கே சாக்கடையே இல்லை" என்று அதிகாரிகள் கோடிக்கணக்கில் திட்டம் போட்டபோது, ஒராங்கி இளைஞர்கள் தங்கள் கையால் வரைந்த வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். அந்தப் பணியைப் பிறகு பர்வீன் ரஹ்மான் என்ற கட்டிடக் கலைஞர் முன்னெடுத்தார். நகரம் விழுங்கிக்கொண்டிருந்த கராச்சி ஓரத்துக் கிராமங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் ஏற்றினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு அதனால் உரிமை கிடைத்தது. நிலக் கொள்ளையர்களின் மிரட்டல் இருப்பதைச் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். 2013 மார்ச் 13 அன்று அந்தச் சகோதரி சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளின் வரைபடம் சும்மா ஒரு காகிதம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

கராச்சி அடுத்த நாடு என்பீர்கள். நம் நாட்டு ஒடிசாவைப் பாருங்கள். 2017-இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை தரும் சட்டத்தை அந்த மாநிலம் கொண்டு வந்தது. அங்கேயும் டிரோன் பறந்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. குடிசைவாசிகள் சங்கம் அமைத்து, அந்தத் தெருவாசிகளோடு வீடு வீடாகப் போய், ஆகாயத்துப் படத்தைத் தரையில் சரிபார்த்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேலான குடும்பங்களுக்கு நில உரிமைச் சான்று போயிருக்கிறது. பிள்ளைகளுக்கு வாரிசாகப் போகும், வீட்டுக் கடனுக்கு அடமானம் வைக்கலாம், ஆனால் விற்க முடியாது. பணக்காரன் வந்து சுருட்டிக்கொண்டு போகாமலிருக்க இந்தக் கட்டுப்பாடு. ஒடிசாவில் முடிந்தது புதுச்சேரியில் ஏன் முடியாது? நம் ஒன்றியப் பகுதி அதில் எத்தனையில் ஒரு பங்கு!

வியாபாரிக்கு இதில் என்ன?

"இது குடிசைக்காரன் பிரச்சினை, கடைக்காரனுக்கு என்ன?" என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை. பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டப் போகிறோம் என்றபோது வியாபாரிகள் திரண்டு எதிர்த்தது நினைவிருக்கும். அப்போது எழுந்த முதல் கேள்வி என்ன? திரும்பி வரும்போது யாருக்கு எத்தனை அடி என்பதுதானே! உள்வாடகைக்கு இருப்பவர், தரையில் கூடை வைத்திருப்பவர், வாசலில் தள்ளுவண்டி நிறுத்தியவர் எல்லாம் எந்தக் கணக்கில்?

2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை எந்தத் தெரு வியாபாரியையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகள் இருக்க வேண்டும். சட்டம் கையில் இருக்கிறது! காந்தி வீதி ஞாயிறு சந்தையில் எத்தனை கடை, யார் எத்தனை ஆண்டாக அங்கே வைக்கிறார் என்ற பட்டியல் வியாபாரிகள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அதிகாரி கொண்டுவரும் பட்டியலே வேதவாக்கு.

பள்ளிவாசல் சொத்துக்கு என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2025 ஜூன் 6 அன்று 'உமீத்' தளம் திறந்து, ஆறு மாதத்துக்குள் எல்லா வக்ஃப் சொத்தையும் ஏற்று என்றார்கள். எல்லை எது, சர்வே எண் எது, பத்திரம் எங்கே என்று முத்தவல்லிகள் பட்ட பாடு கொஞ்சமா? தாத்தா வாய்மொழியாகச் சொன்ன எல்லையைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த ஆறு மாதம் கற்றுக்கொடுத்த பாடத்தை ஏழையின் வீட்டுக்கும் பொருத்திப் பாருங்கள்.

சாக்குகளுக்குப் பதில்

"இது அரசாங்க வேலை" என்கிறார்கள். ஆம், அரசாங்க வேலைதான். அரசாங்கம் செய்யட்டும், நாம் சரிபார்க்க வேண்டாமா? வங்கி அனுப்பும் கணக்கை உங்கள் நோட்டோடு ஒத்துப் பார்க்காமல் விடுவீர்களா?

"எழுதிக் கொடுத்தால் அதை வைத்தே இடிப்பார்கள்" என்கிறார்கள். இந்த அச்சம் நியாயமானது, இதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கூரையின் படம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. இல்லாதது கூரைக்குக் கீழே உள்ள நியாயம் மட்டும்தான். அதனால் இப்படிச் செய்யுங்கள். வரைபடமும் மொத்த எண்ணிக்கையும் அதிகாரிக்குப் போகட்டும். பெயர்ப் பட்டியல் தெருவின் கையில் இருக்கட்டும். ஆதார் எண் கேட்காதீர்கள். மதம், சாதி என்று ஒரு கட்டம் வேண்டவே வேண்டாம். விசாரணை வரும்போது அந்தந்தக் குடும்பமே தன் தாளை எடுத்துக்கொண்டு போகட்டும்.

"எண்ணினால் பரக்கத் போய்விடும்" என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம்களின் பெயர்களை எழுதித் தரச் சொன்னதும், எண்ணிக்கை 1,500 என்று வந்ததும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு உரிமை என்று பதிவேடு வைத்தவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். எண்ணிக்கை இல்லாமல் நீதி எங்கிருந்து வரும்?

"நம் சமுதாய வீடுகளை மட்டும் எண்ணுவோம்" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கூடாது! வாய்க்கால் கரையில் தலித் சகோதரன் வீட்டுச் சுவரும் நம் சகோதரன் வீட்டுச் சுவரும் ஒரே சுவர். மீனவர் குப்பத்துக்குப் போகும் குழாய்தான் நம் தெருவுக்கும் வருகிறது. ஒரு வீட்டை விட்டுவிட்டு வரைந்தால் அது வரைபடம் அல்ல, கட்சிப் பட்டியல். அதை எந்த நீதிமன்றமும் மதிக்காது. அல்லாஹ்விடமும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஜமாஅத் நிர்வாகிகளே, கசப்பானாலும் கேளுங்கள். உங்களிடம் தஃப்தர் இருக்கிறது. தலைக்கட்டு எத்தனை, சந்தா பாக்கி எவ்வளவு என்று அதில் பார்க்கலாம். ஆனால் வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் கூலிக்காரன் பெயர் அந்தத் தஃப்தரில் உண்டா? நிக்காஹ்வுக்கும் மையித்துக்கும் மட்டும் அவன் வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அரசு ஏட்டில் இடமில்லாதவனுக்கு ஜமாஅத் ஏட்டிலும் இடமில்லை என்றால் அவன் எங்கே போவான்? முதல் திருத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.

வேலை எப்படி?

முதல் ஞாயிறு தெருவைச் சுற்றி நடங்கள். குழாய், விளக்கு, கழிப்பறை, சாக்கடை, மரம், கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாவற்றையும் பெரிய தாளில் வரையுங்கள். ஒவ்வொரு வாசலிலும் சுண்ணாம்பால் எண் போடுங்கள். ஒரு வாசலுக்குள் மூன்று அடுப்பு என்றால் மூன்று எண்.

இரண்டாம் ஞாயிறு வீடு வீடாகப் போங்கள். பெரியவர்கள் எல்லார் பெயரும், முக்கியமாகப் பெண்கள் பெயரும் எழுத வேண்டும். வீட்டுக்காரர், வாடகைக்காரர் இருவரையும் எழுதுங்கள். எந்த ஆண்டு வந்தார்கள், அதற்கு என்ன அத்தாட்சி: கரண்ட் பில், குடும்ப அட்டை, பழைய வாக்காளர் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று. செல்போனில் படம் எடுத்து அவர்களுக்கே கொடுங்கள். இந்த வேலையைப் பெண்கள் செய்யட்டும். ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கதவைத் திறப்பது பெண்தான், அவளிடம் கேட்கத் தகுதியானவளும் பெண்தான்.

மூன்றாம் ஞாயிறு, தாசில்தார் அலுவலகத்திலும் நில அளவைத் துறையிலும் அதற்குள் வாங்கி வைத்த விவரத்தோடு உட்காருங்கள். அந்த நிலத்தின் சர்வே எண் என்ன? வாய்க்கால் புறம்போக்கா, நகராட்சி நிலமா, கோயில் நிலமா, வக்ஃபா, தனியார் பேரில் இருக்கிறதா? பட்டா கேட்கும் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. இது தெரியாமல் பொத்தாம் பொதுவாக மனுக் கொடுப்பதால்தான் மனு குப்பைக் கூடைக்குப் போகிறது. பிரெஞ்சு மொழியில் பழைய பத்திரம் யார் வீட்டிலாவது இருந்தால் அதையும் எடுத்து வாசிக்கச் செய்யுங்கள்.

நாலாம் ஞாயிறு தெருமுனையில் வரைபடத்தை ஒட்டி உரக்கப் படியுங்கள். தவறிருந்தால் அங்கேயே எல்லார் முன்னிலையிலும் திருத்துங்கள். பொய்ப் பெயர் ஒன்று நுழைந்தாலும் மொத்தப் பட்டியலும் செல்லாக் காசு! வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ மாடி வீட்டில் இருப்பவர் குடியிருப்பவராக நுழையப் பார்ப்பார், விடாதீர்கள். பிறகு பிரதிகள் எடுத்து நகராட்சி, குடிசை மாற்று வாரியம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் மூன்றிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் புதுப்பியுங்கள்.

இளைஞர்களே! செல்போனில் இரவு இரண்டு மணி வரை விரல் தேய்கிறதே, அந்த விரலுக்கு ஒரு நல்ல வேலை இது. வணிகப் பெருமக்களே! நோன்புக்கு மளிகைப் பை கொடுக்கிறீர்கள், அல்லாஹ் கூலி தருவான். அந்தப் பை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். ஒரு தெருவின் கணக்குக்கு ஆகும் தாளும் பிரதியும் தேநீரும் உங்கள் செலவாக இருக்கட்டும், அது அந்தத் தெருவின் பிள்ளைகள் காலம் வரை நிற்கும்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. நகராட்சித் தேர்தலை நடத்துங்கள். எந்த நில அளவைக்கும் முன்னால் தெருவாசிகளையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கெடுப்பு நடத்துங்கள், மக்கள் கொடுக்கும் வரைபடத்தை அதற்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். எடுத்த கணக்கை எடுத்த தெருவிலேயே ஒட்டுங்கள். இதில் எது அநியாயக் கோரிக்கை?

இந்த ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் பத்துப் பேர் உட்காருங்கள். ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். நோட்டும் பென்சிலும் வாங்க ஐம்பது ரூபாய் போதும். அடுத்த கணக்கெடுப்புக்காரர் வந்து கதவைத் தட்டும்போது, "வாங்க ஐயா, எங்கள் கணக்கு இதோ, உங்கள் கணக்கைக் காட்டுங்கள்" என்று சொல்லும் தெருவாக அது இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்!